மோட்டூர் மனித உருவக் கல்: திருவண்ணாமலை மாவட்டத்தில் இப்படி ஓர் இடமா? செய்தது யார்?

பெரு நாட்டின் நாஸ்கா பாலைவனத்தில் தரையில் வரையப்பட்ட ராட்சத உருவங்களை வீடியோவில் பார்த்திருப்பீங்க. 'வேற்றுகிரகவாசிகள் வேலை' என்று கதை கட்டியவர்களும் உண்டு. உண்மையில், நாஸ்கா மக்கள் மேலே கிடந்த கருங்கற்களை அகற்றி, அடியில் உள்ள வெளிர் மண்ணைக் கோடாக்கினார்கள். அவ்வளவுதான்!

நம்ம ஊரில்?

திருவண்ணாமலை மாவட்டம் மோட்டூரில், கல்வட்டத்தோடு சேர்ந்து ஆளைவிட உயரமான ஒரு பலகைக் கல் நிற்கிறது. அரைவட்டத் தலை, வளைந்த தோள்கள். முகம் மட்டும் இல்லை! விழுப்புரம் மாவட்டம் உடையாநத்தத்திலும் இதுபோன்ற கல் உண்டு.

யார் செய்தது?

இதுபோன்ற ஈமச்சின்னங்களை 'குள்ளர் வீடு', 'பாண்டவர் வீடு' என்று பல ஊர்களில் சொல்வாங்க. ஆனால் இவற்றை எழுப்பியவர்கள் 2,000 ஆண்டுகளுக்கும் முன்பு இங்கு வாழ்ந்த இரும்புக்கால மக்கள். இறந்தவர்களுக்காக எழுப்பியவை இவை. மோட்டூர் உருவம் முன்னோரா, தாய்த்தெய்வமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

என்ன ஆபத்து?

2014-ல் நாஸ்காவில் போராட்டக்காரர்கள் பதித்த காலடித் தடங்களே பெரும் சர்ச்சையானது. இங்கோ கல்குவாரிக்கும் விவசாயத்துக்கும் பல கல்வட்டங்கள் அழிந்துவிட்டன. கல் எந்த இடத்தில், எதன் பக்கத்தில் இருக்கு என்பதுதான் ஆய்வாளருக்கு ஆதாரம். நகர்த்திவிட்டால் அது வெறும் கல்தான்.

நீங்க என்ன செய்யலாம்?

உங்க ஊர்ப் பக்கம் வட்டமாக அடுக்கிய கற்களைப் பார்த்தால் தோண்டாதீங்க, நகர்த்தாதீங்க. போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்க.