சிறைக்குள் வரும் வசவுக் கடிதம்: தடுக்கும் அதிகாரம் யாருக்கு?

சில ஆண்டுகளுக்கு முன் விசாரணைக் கைதியாக இருந்த தம்பி ஒருவனை மனு பார்க்கப் போயிருந்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று அவன் பேசியது வழக்கைப் பற்றி அல்ல, ஓர் அஞ்சலட்டையைப் பற்றி. அனுப்பியவன் பெயர் இல்லை. சாதிப் பெயரும், அவன் அம்மாவைப் பற்றிய வசவும் மட்டும். "எழுதுனவன் யாருன்னு தெரியலண்ணே. வார்டர் அதை பிளாக்குல எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிச்சுட்டுத்தான் குடுத்தாரு" என்றான்.

வெளியே இருக்கிற நமக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் கிழித்துப் போடலாம், காவல் நிலையம் போகலாம், வீட்டையே மாற்றலாம். உள்ளே இருப்பவனுக்கு முகவரி மாறாது. அவனுக்கு வரும் ஒவ்வொரு வரியையும் அவனுக்கு முன்பே இன்னொருவர் படித்துவிடுகிறார். அப்படியானால் படிக்கிற அந்த ஆளே வெறுப்புக் கடிதங்களைத் தடுத்து வைக்கலாமே? அன்று பேருந்தில் திரும்பும்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். அமெரிக்கச் சிறைகளின் கடித வரலாற்றைப் படித்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

அமெரிக்காவில் 1865இல் அடிமை முறையை ஒழித்த 13ஆவது திருத்தமே, குற்றத்துக்கான தண்டனையாக அது தொடரலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தது. 1871இல் வர்ஜீனியா நீதிமன்றம் கைதியை "அரசின் அடிமை" என்றே எழுதியது. அடிமைக்கு ஏது கடித உரிமை? நூறு ஆண்டுகள் கழித்தும் நிலைமை அதிகம் மாறவில்லை. கலிஃபோர்னியச் சிறை விதிகளின்படி கைதிகளின் கடிதங்கள் தணிக்கை செய்யப்பட்டன. "அளவுக்கு மீறிப் புகார் சொல்லும்" கடிதம் கூடாது, "குறைகளைப் பெரிதுபடுத்தும்" கடிதம் கூடாது. அடுத்து வருவதுதான் நாம் உற்றுப் பார்க்க வேண்டியது: அரசியல், இனம், மதம் குறித்துத் தூண்டிவிடும் கருத்துள்ள கடிதம் கூடாது. ஆபாசமும் அவதூறும் கூடாது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது வெறுப்புக் கடிதத்துக்கு எதிரான விதி. இன வெறியன் ஒரு கறுப்பினக் கைதிக்கு எழுதும் வசவு இதில் அகப்பட வேண்டும். ஆனால் தணிக்கை அறையில் உட்கார்ந்திருந்த ஊழியர்கள் இந்த விதிகளை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பது வழக்கு வந்தபோது வெளியே வந்தது. சிறை விதிகளையும் அதிகாரிகளையும் விமர்சிக்கும் கடிதம், சிறை ஊழியரையும் நீதித்துறையையும் இளக்காரமாகப் பேசும் கடிதம், இவையெல்லாம் அவர்கள் கணக்கில் தடுக்கப்பட வேண்டியவை. மீறினால் தண்டனையும் உண்டு.

அது எந்தக் காலம் என்பதை மறக்கக் கூடாது. கலிஃபோர்னியச் சிறையிலிருந்து ஜார்ஜ் ஜாக்சன் எழுதிய கடிதங்கள் 1970இல் "சோலிடாட் பிரதர்" என்ற நூலாக வந்தன. மறு ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று அவர் சான் குவென்டின் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு ஏஞ்சலா டேவிஸ் எழுதிய அந்தரங்கக் கடிதங்களை, ஏஞ்சலாவுக்கு எதிரான வழக்கில் அரசுத் தரப்பு ஆதாரமாக நீட்டியது. நீதிமன்றம் 1972 ஜூன் 4 அன்று அவரை விடுவித்தது. அன்றைய கறுப்பினக் கைதியின் கையில் இருந்த ஆயுதம் கடிதம்தான். இனத்தின் பேரால் நடக்கும் கொடுமையை எழுதினால் அதுவே "இனம் குறித்துத் தூண்டிவிடுவது" ஆகிவிடும். நம் ஊரில் சாதிக் கொடுமையைச் சொல்பவனையே "சாதி பேசுகிறான்" என்பார்களே, அதே கதை.

ராபர்ட் மார்டினெஸ் உள்ளிட்ட கைதிகள் தொடுத்த வழக்கில் 1974 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் இந்த விதிகளைச் செல்லாது என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பாவெல். கடிதம் என்பது கைதியின் விவகாரம் மட்டுமல்ல, வெளியே இருப்பவரின் பேச்சுரிமையும் அதில் இருக்கிறது என்றார். கடிதத்தைத் தடுத்தால் கைதிக்குச் சொல்ல வேண்டும், எழுதியவர் ஆட்சேபிக்க வாய்ப்புத் தர வேண்டும், அந்த ஆட்சேபத்தை முதலில் தடுத்த அதிகாரி அல்லாத வேறொருவர் விசாரிக்க வேண்டும். நம் சிறைகளில் இந்த மூன்றில் ஒன்றாவது நடக்கிறதா என்று உள்ளே இருந்து வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவிலும் இந்த வெற்றி முழுசாக நிலைக்கவில்லை. உள்ளே வரும் தபால் பலர் கைக்குப் போய்ச் சிறையின் ஒழுங்கைக் குலைக்கலாம் என்று சொல்லி, 1989இல் அதே நீதிமன்றம் அதிகாரிகளின் பிடியை மறுபடி இறுக்கியது.

அப்படியானால் வசவுக் கடிதத்துக்கு வழியே இல்லையா? 1970இல் அதே நீதிமன்றம் தீர்த்த வேறொரு வழக்கில் ஒரு சாவி கிடக்கிறது. வேண்டாத ஆபாச விளம்பரத் தபாலை நிறுத்தும்படி வீட்டுக்காரர் கேட்டால் அனுப்புநர் நிறுத்த வேண்டும் என்ற சட்டத்தை ரோவன் வழக்கில் நீதிபதிகள் ஒருமனதாக ஏற்றார்கள். எது வேண்டாதது என்று முடிவு செய்பவர் தபால் அதிகாரி இல்லை, பெறுபவர். இந்த உரிமையை வீட்டு வாசலோடு நிறுத்தாமல் கொட்டடிக்கும் கொண்டுபோக வேண்டும் என்பதே என் வாதம். இந்த ஆளிடமிருந்து எனக்குக் கடிதம் வேண்டாம் என்று கைதி எழுதிக் கொடுக்கட்டும், நிர்வாகம் அதை நிறைவேற்றட்டும். பெயரில்லாமல் வருவதைப் பிரித்த பிறகு வாங்குவதா வேண்டாமா என்று அவனையே கேட்கட்டும்.

தணிக்கையாளரை நம்ப முடியாததற்கு நம்மிடம் வேறு காரணமும் இருக்கிறது. திகார் சிறையில் சக கைதி ஒருவரை வார்டர் சித்திரவதை செய்ததை சுனில் பத்ரா என்ற மரண தண்டனைக் கைதி உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு, நீதிபதி கிருஷ்ணய்யரின் தீர்ப்பாக வந்தது. "குறைகளைப் பெரிதுபடுத்தாதே" என்ற விதி அங்கே அமலில் இருந்திருந்தால் அது வாசலைத் தாண்டியிருக்குமா?

பாளையங்கோட்டை மத்திய சிறையையும் பாருங்கள். சாதி மோதலைத் தவிர்க்கத்தான் வெவ்வேறு சாதியினரைத் தனித்தனி பிளாக்குகளில் வைக்கிறோம் என்று அரசு சொன்னதை சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்றது. சிறைப் பதிவேடுகளில் சாதிக்கென இருக்கும் கட்டத்தை நீக்கவும் உத்தரவிட்டது. பாதுகாப்பு என்ற பெயரில்தான் அங்கே சாதி அவ்வளவு காலம் குடியிருந்தது. அப்படிப்பட்ட அலுவலகத்தில் ஒரு தலித் கைதிக்கு வரும் கடிதத்தைப் பிரித்து, இது வெறுப்பு, இது வெறுப்பில்லை என்று முத்திரை குத்தும் அதிகாரத்தை எந்தத் தைரியத்தில் கொடுப்பது?

தடுத்து வைப்பதில் இன்னொரு ஆபத்து, ஆதாரம் காணாமல் போவது. தம்பி அந்த அட்டையைக் கிழிக்கவில்லை, வக்கீலிடம் கொடுத்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது குற்றமாக வேண்டுமானால் அது பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வெளியார் இல்லாத இடத்தில் சொன்னது அதில் அடங்காது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுதியவனைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "படிச்ச வார்டர் என்ன சாதி? படிச்சப்போ பக்கத்துல யார் யார் இருந்தாங்க?" என்றுதான் கேட்டார்.