வலது இருக்கைக்கு வந்த கேப்டன் உரிமம்: 1,500 மணி நேர விதியின் தோற்றம்

அமெரிக்கப் பயணிகள் விமானங்களில் துணை விமானியாக அமர 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்ற விதி, 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே கோல்கன் நிறுவனத்தின் 3407 எண் விமானம் விழுந்து 50 பேர் இறந்ததன் நேர் விளைவு என்ற வாசிப்பு நிலைபெற்றுவிட்டது. விமானிகளுக்கு அனுபவம் போதவில்லை, விசாரணை அதைக் கண்டறிந்தது, நாடாளுமன்றம் திருத்தியது என்று அது சொல்கிறது. இதன் நடுப்பகுதிக்கு ஆவணச் சான்று இல்லை.

அந்த விமானத்தின் கேப்டன் 3,379 மணி நேரமும் துணை விமானி 2,244 மணி நேரமும் பறந்திருந்தார்கள். பின்னாளில் வந்த வரம்பை இருவருமே தாண்டியவர்கள். வேகம் குறைந்து கட்டுப்பாட்டுத் தண்டு எச்சரிக்கையாக அதிர்ந்தபோது மூக்கைத் தாழ்த்த வேண்டிய கேப்டன், தண்டைத் தன் பக்கம் இழுத்தார். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரணமாகச் சொன்னது இதைத்தான். மொத்தப் பறப்பு நேரத்தை உயர்த்தும்படி அது பரிந்துரைக்கவில்லை. காலவரிசையும் பழைய வாசிப்புக்கு இடங்கொடுக்கவில்லை. வாரியத்தின் அறிக்கை 2010 பிப்ரவரியில் வந்தது. விமான நிறுவனங்களின் எல்லா விமானிகளிடமும் ஏடிபி (விமான நிறுவனப் போக்குவரத்து விமானி) உரிமம் கேட்கும் மசோதா 2009 அக்டோபரிலேயே கீழவையில் நிறைவேறிவிட்டது. கோல்கனில் சேர்ந்தபோது கேப்டனிடம் 600 மணி சொச்சமே இருந்தது என்பார்கள். வலுவான வாதம்தான். ஆனால் அதன்பின் சேர்ந்த 2,700 மணி நேரமும் அந்தக் கையைத் திருத்தவில்லையே!

எண் எங்கிருந்து வந்தது? 1,500 என்பது விபத்துக்கு முன்பே ஏடிபி உரிமத்துக்கு உரிய அளவு. கேப்டனுக்கு அது அப்போதே கட்டாயம். துணை விமானிக்கு 250 மணி நேர வணிக விமானி உரிமம் போதுமாக இருந்தது. ஆகவே புதிய அளவுகோல் எதுவும் உருவாகவில்லை, கேப்டன் அமரும் இடது இருக்கையின் உரிமம் துணை விமானியின் வலது இருக்கைக்கும் நீண்டது என்பதே என் வாசிப்பு.

2010 ஆகஸ்ட் 1 அன்று கையெழுத்தான 111-216 எண் சட்டத்தின் 217ஆம் பிரிவு இதற்குத் துணை நிற்கிறது. அதன் (ஆ) உட்பிரிவு எண்ணே சொல்லவில்லை. விமான நிறுவனச் சூழலில் திறம்படச் செயல்படப் போதிய பறப்பு நேரம் எவ்வளவு என்பதை விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் தலைவரே முடிவு செய்யட்டும் என்கிறது. பலர் சேர்ந்து இயக்கும் விமானி அறை, பனி உறையும் வானிலை, அதிக உயரப் பறப்பு ஆகியவற்றுக்கான ஆயத்தத்தையும் கேட்கிறது. (இ) உட்பிரிவில்தான் குறைந்தது 1,500 என்ற வரம்பு வருகிறது. கூடவே, கடினமான சூழ்நிலைகளில் போதிய நேரம் பறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும். அடுத்து (ஈ): குறிப்பிட்ட வகுப்பறைப் பயிற்சி முழு மணிக்கணக்கைவிடப் பாதுகாப்பை உயர்த்துமென்றால் அதைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். எண்ணை வைத்த அடுத்த மூச்சிலேயே அதைத் தளர்த்தும் சட்டம், எண்ணில் முழு நம்பிக்கை வைத்ததாகக் கொள்ள முடியாது. (ஆ) தனித்து நிற்கக்கூடிய வாசகம் என்பதால், எண் பின்னர்ச் செருகப்பட்டிருக்கலாம் என்று கருத இடமுண்டு. ஆனால் சட்ட வாசகத்தை மட்டும் வைத்து வரைவின் படிநிலைகளை நாள்குறிக்க இயலாது. இதை ஊகமாகவே முன்வைக்கிறேன்.

2013 ஜூலை விதி (ஈ)-க்கு உயிர் கொடுத்தது. ராணுவ விமானிக்கு 750, நான்காண்டு விமானவியல் பட்டதாரிக்கு 1,000, ஈராண்டுப் பட்டத்துக்கு 1,250 மணி என்று வகுத்தது. (இ)-யின் கடினச் சூழல் நிபந்தனைக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. 1,500-இன் உட்கணக்கில் ஊர்விட்டு ஊர் பறந்தது 500, இரவில் 100, கருவிகளை மட்டும் நம்பிப் பறந்தது 75 மணி என்றெல்லாம் உண்டு. பனி உறைதலுக்குத் தனி மணி கிடையாது. செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் தெளிந்த வானில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே பயிற்றுநர் ஒருவர் லாக்புக்கின் பெரும்பகுதியை நிரப்பிவிடலாம். அதை ஈடுசெய்ய 30 மணி வகுப்பும் 10 மணி சிமுலேட்டரும் சேர்க்கப்பட்டன.

பஃபலோ விபத்தின் நேர் வாரிசு எது என்றால், 2013 நவம்பரில் வந்த வேறொரு விதியையே சுட்டுவேன். இறக்கை தூக்குவிசையை இழக்கும் முழு ஸ்டாலில் விமானத்தை விழவிட்டு மீட்கும் பயிற்சியைச் சிமுலேட்டரில் கட்டாயமாக்கியது அது. நிறுவனங்களுக்கு 2019 மார்ச் வரை அவகாசமும் தந்தது.