கல்லூரி வாயிலும் பொதுத் தேர்வும்

1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் பல்கலைக்கழகங்கள் தோன்றியபோதே, அவற்றின் வாயிலில் ஒரு பொதுத் தேர்வும் வைக்கப்பட்டது. நம் முன்னோர் மெட்ரிகுலேஷன் என்று வழங்கியது அதனையே. கல்கத்தாவில் அதற்கு நுழைவுத் தேர்வு என்றே பெயர். முதலாண்டில் எழுதியோர் 244 பேர். எப்பள்ளியிற் பயின்றவராயினும் வினாத்தாள் ஒன்றே. அத்தேர்வு வரை இட்டுச் செல்லும் பள்ளிக்கூடம் நம்மவர்க்கு எட்டாதிருந்தது வேறு செய்தி.

அண்ணல் அம்பேத்கர் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிற் பயின்று 1907-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் இத்தேர்வில் தேறினார். பெற்ற மதிப்பெண் 750-க்கு 282. அதாவது நூற்றுக்கு நாற்பதுக்கும் குறைவு. சமூகத்தார் கூடிப் பாராட்டினர். கேளுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். பின்னர்ப் பரோடா மன்னரின் உதவித்தொகையும் கிட்டியது. எல்பின்ஸ்டன் கல்லூரியும், அதன்பின் கொலம்பியாவும் இலண்டனும் அவருக்குத் திறந்தன. அன்றைய தேர்வு, 'தேறினாயா?' என்று மட்டுமே கேட்டது, 'எத்தனையாவதாக வந்தாய்?' என்று கேட்கவில்லை. கேட்டிருப்பின் அந்த 282 எங்கே நின்றிருக்கும் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

தேறுவோர் பெருகி இடங்கள் போதாமற் போனபோது இரண்டாவது கேள்வி முளைத்தது. தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-இல் வந்தது. மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு 1984-இல் நுழைவுத் தேர்வு வந்தது. அதன் பிற்காலக் கணக்கில் மேல்நிலை மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300. குறைகள் பல இருந்தும், பள்ளிப் படிப்புக்கு மூன்றில் இரு பங்கு மதிப்பு இருந்தது. 2006-இல் இயற்றப்பட்டு 2007-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற சட்டத்தால் அத்தேர்வு ஒழிந்தது. பொறியியலுக்கு இன்றும் மேல்நிலை மதிப்பெண்ணே அடிப்படை.

மருத்துவத்திற்கோ 2017 முதல் நீட். வினா 180, மதிப்பெண் 720. சரியான விடைக்கு நான்கு, தவறினால் ஒன்று கழியும். மேல்நிலைத் தேர்வில் தகுதி மதிப்பெண் பெற்றிருந்தால் போதும். தரவரிசையில் அதற்கு இடமே இல்லை. 200 ஆக இருந்தது சுழியாயிற்று. அவ்வாண்டே குழுமூர் அனிதா 1200-க்கு 1176 பெற்றிருந்தும், நீட் தேர்வில் 86 பெற்றமையால் இடம் கிடைக்காமல் மறைந்தார். ஆசிரியனாகிய எனக்கு இவ்விரு எண்களையும் ஒரே தாளில் எழுதக் கை கூசுகிறது.

வினாத்தாள் ஒன்றே என்னும் கூற்றையும் சற்று ஆராய வேண்டும். 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன என்று வழக்கு எழுந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழில் எழுதியோர்க்கு 196 மதிப்பெண் வழங்குமாறு சூலையில் ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் நவம்பரில் அவ்வாணையை நீக்கியது. ஐயம் எழுந்தால் ஆங்கில வினாவே முடிவானது என்பது தேர்வின் விதி. தமிழ்வழியில் மட்டுமே பயின்ற பிள்ளை அவ்விதியை என்ன செய்யும்?

2020-இல் தமிழ்நாடு அரசு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கிச் சட்டம் செய்தது. அதன் பயனை நம் மாணாக்கர் அடைந்து வருகின்றனர். ஆயினும் அவர்களும் நீட் தேர்வில் தகுதி பெற்றாக வேண்டும். ஆதலின் நம் மாலை வகுப்புகளில், பதினொன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ், ஆங்கில வினாக்களை அருகருகே வைத்துப் பயிற்றுவிப்பது நலம்.