பெயர்களைத் தேடிச் சென்றோர்

“உங்கள் பாட்டனாரின் பாட்டனார் பெயர் என்ன?” என்று மதரஸா மாணவர்களிடம் கேட்டால் பெரும்பாலோர் மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடுகின்றனர். நானும் நான்காவதைத் தாண்டியவன் அல்லன். ஆயினும் நமக்கு ஊரும் பள்ளிவாசலும் அடக்கஸ்தலமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கேட்டால் சொல்ல ஓர் உம்மம்மா இருக்கிறார். அவை யாவற்றையும் இழந்த ஒரு சமூகத்தார் தம் முன்னோரைத் தேடிய வரலாறு இது.

1977ஆம் ஆண்டு நியூயார்க்கில் யூத வமிசாவளிச் சங்கம் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் இவ்வகைச் சங்கங்களில் அதுவே முதலாவது. அதை நிறுவியவர்களுள் முன்னின்ற நீல் ரோசன்ஸ்டைன் ஓர் அறுவை மருத்துவர். அவ்வாண்டே ஆர்தர் குர்ஸ்வைல், ஸ்டீவன் சீகல் இருவரும் ‘தோலதோத்’ என்னும் இதழைத் தொடங்கினர். தலைமுறைகள் என்பது அதன் பொருள். அரபியில் நாம் ஓதும் ‘வலத்’, ‘விலாதத்’ ஆகியவற்றின் வேரும் இதுவே.

அக்காலத்து அமெரிக்காவில் இவ்வார்வம் பரவ முதன்மைக் காரணங்களுள் ஒன்று அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’. 1976இல் நூலாகவும் மறு ஆண்டு தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அதன் மூதாதையான குன்தா கிந்தே, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஒரு முஸ்லிம் இளைஞர். நூலில் உள்ள வமிசாவளி பின்னர் கேள்விக்குள்ளானது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தேடல் எளிதாயிருக்கவில்லை. ஐரோப்பிய யூதர் பலருக்குக் குடும்பப் பெயரே இல்லை. ‘இன்னாரின் மகன் இன்னார்’ என்பதுதான் வழக்கம். நம் ‘பின்’ அவர்களிடம் ‘பென்’. 1787இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் நிலையான குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கினார். பிற அரசுகளும் பின்தொடர்ந்தன. எல்லிஸ் தீவில் இறங்கியபோது அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பல குடும்பங்களில் கதை சொல்வர். உண்மையில் அவர்கள் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்ட கப்பல் பட்டியலைத்தான் சரிபார்த்தனர். குடியேறியோர் பலர் பிற்பாடு தாமே பெயரை மாற்றிக்கொண்டனர்.

எழுத்து வேறுபாடு மற்றொரு தொல்லை. ‘மொஸ்கோவிட்ஸ்’ என்ற ஒரே பெயரை இரண்டு ஆங்கில எழுத்துக்களில் எழுதுவர். அமெரிக்க ஆவணக் காப்பகத்தின் பழைய ஒலிக்குறியீட்டு முறையில் அவை இரு வேறு பெயர்களாகப் பிரிந்தன. 1985இல் ராண்டி டைச், கேரி மொகொடாஃப் ஆகியோர் கிழக்கு ஐரோப்பிய ஒலிகளுக்கேற்பப் புதிய முறையொன்றை வகுத்தனர்.

கல்லறைகளும் ஆவணங்களாயின. யூதரின் கல்லறைக் கல்லில் இறந்தவருடைய தந்தையின் பெயரையும் எபிரேயத்தில் பொறிப்பது மரபு. ஒரு கல்லைப் படித்தால் ஒரு தலைமுறை பின்னே செல்லலாம். நியூயார்க்கில் ஓரூர்க்காரர்கள் சங்கம் அமைத்து அடக்கநிலம் வாங்கியிருந்ததால், அந்நிலத்தைக் கொண்டு பூர்வீக ஊரையும் கண்டனர்.

கல்லறையே இல்லாதோர்? நாஜிகள் கொன்ற ஏறத்தாழ அறுபது லட்சம் யூதருக்காக ஜெரூசலத்திலுள்ள யாத் வஷெம் நினைவகம் 1950களில் சாட்சியத் தாள்களைச் சேகரிக்கத் தொடங்கியது. கொல்லப்பட்டவரின் பெயர், பெற்றோர், ஊர் ஆகியவற்றை உறவினர் எழுதித் தருவர். தாளின் அடியில் எழுதித் தந்தவரின் பெயரும் முகவரியும் உறவுமுறையும் இருக்கும். இறந்த பெரியப்பாவைத் தேடிச் சென்ற சிலர், அந்த அடிவரியைப் பிடித்துக்கொண்டு போய், இறந்துவிட்டதாக எண்ணியிருந்த வேறோர் உறவினரின் வாசற்கதவைத் தட்டினர்.