பாட்டிலும் காணொளியிலும் களரிப் பெண்

பெண்கள் ஜூடோ முதன்முறையாகப் பதக்கப் போட்டியானது 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில். அங்கு வெள்ளி வென்ற 16 வயது ரியோகோ தமுராவை ஜப்பானியர் ‘யவாரா’ என்று செல்லமாக அழைத்தனர். 1986இல் தொடங்கிய நவோகி உரசாவாவின் சித்திரக்கதை நாயகியின் பெயர் அது. வீராங்கனையின் புகழுக்குக் கதை முன்பே வழி அமைத்திருந்தது.

கேரளத்திலும் இதுவே நிகழ்ந்தது. 2016இல் வடகரை மீனாட்சி அம்மா வாள்வீசும் காணொளி இணையமெங்கும் பரவியது. 2017இல் பத்மஸ்ரீ கிட்டியது. எழுபது வயதைக் கடந்த அவரிடம் மக்கள் வடக்கன் பாட்டுகளின் உண்ணியார்ச்சாவைக் கண்டனர்.

ஆனால் புகழின் ஆண்டு வேறு, பயிற்சியின் ஆண்டு வேறு. அவர் களரியில் கால்வைத்தது ஏழு வயதில். பூப்பெய்தியதும் சிறுமியர் பயிற்சியை நிறுத்துவது வழக்கமாயிருக்க, அவர் தொடர்ந்தார். ஆசானாகிய ராகவன் குருக்களையே மணந்து, அவர் மறைவுக்குப் பின் களரியை நடத்தினார்.

காலனியாட்சியில் நலிந்த களரியை மீட்டவர்களாக வரலாறு முன்னிறுத்துவது கோட்டக்கல் கணாரன் குருக்கள், சி.வி. நாராயணன் நாயர் முதலிய ஆண்களையே. நாராயணன் நாயர் பெயர் தாங்கி, 1956இல் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் எழுந்த சி.வி.என். களரி அம்மீட்சியைத் தெற்கே நிலைநிறுத்தியது. இவ்வரலாற்றில் பெண் பெரும்பாலும் பாட்டின் நாயகியாகவே எஞ்சினாள்.

எனவே மீனாட்சி அம்மாவை விதிவிலக்காக வியப்பதோடு ஆய்வு முடிந்துவிடாது. பூப்பெய்தியதும் களரியை நீங்கிய சிறுமியர் பாட்டிலும் இல்லை, காணொளியிலும் இல்லை. அவர்களைத் தேடுவதிலேயே களரிப் பெண்களின் வரலாறு தொடங்கும்.