ஐக்கிய அமெரிக்காவில் ஹை அலாய்

ஹை அலாய் என்பது எசுப்பானியா, பிரான்சு நாடுகளின் எல்லைப் பகுதியில் உள்ள பாசுக்கு நாட்டில் தோன்றிய பந்து விளையாட்டு ஆகும். பாசுக்கு மொழியில் இப்பெயருக்கு "மகிழ்வான திருவிழா" என்று பொருள். ஆட்டக்காரர்கள் கையில் கட்டிய வளைந்த கூடையால் பந்தைப் பிடித்து, அதே வீச்சில் சுவரை நோக்கி எறிவர். 1979 இல் நியூபோர்ட் நகரில் ஒசே ரமோன் அரெய்ட்டியோ எறிந்த பந்தின் வேகம் மணிக்கு 302 கிமீ எனப் பதிவாகியது.

வரலாறு

1904 இல் செயின்ட் லூயிசு உலகக் கண்காட்சியின்போது இவ்விளையாட்டு ஐக்கிய அமெரிக்காவில் அறிமுகமானது. 1926 இல் மியாமியில் ஆட்டக்கூடம் திறக்கப்பட்டது. 1930களில் புளோரிடா மாநிலம் பந்தயம் கட்டுவதைச் சட்டப்படி அனுமதித்தபின் இது பெரும் தொழிலாக வளர்ந்தது. 1975 திசம்பர் 27 அன்று மியாமியில் 15,502 பார்வையாளர்கள் திரண்டனர்.

வீழ்ச்சி

தொழிற்சங்க உரிமை கோரி ஆட்டக்காரர்கள் 1988 முதல் 1991 வரை வேலைநிறுத்தம் செய்தனர். கூட உரிமையாளர்கள் மாற்று ஆட்டக்காரர்களைக் கொண்டு ஆட்டங்களை நடத்தினர், பார்வையாளர்கள் குறைந்தனர். 1988 இல் தொடங்கிய புளோரிடா அரசுப் பரிசுச்சீட்டும் சூதாட்ட விடுதிகளும் பந்தயப் பணத்தை ஈர்த்தன. கனெடிகட் மாநிலத்தின் கடைசிக் கூடம் 2001 இலும், நியூபோர்ட் கூடம் 2003 இலும் ஆட்டத்தை நிறுத்தின. புளோரிடாவில் சூதாட்ட உரிமத்தைத் தக்கவைக்கவே பல கூடங்கள் ஆட்டத்தைத் தொடர்ந்தன. 2021 இல் இயற்றப்பட்ட சட்டம் அக்கட்டாயத்தையும் நீக்கியது. இதனால் இவ்விளையாட்டு தன் பார்வையாளர்களை மட்டுமே நம்பியிருக்கும் நிலை ஏற்பட்டது.