எமோ பங்க்கில் இரட்டைக் குரல்

எமோ, பங்க் இசையின் ஒரு கிளை. 1980களின் நடுவில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் அது முளைவிட்டது. அந்நகரின் ஹார்ட்கோர் பங்க் கச்சேரிகளில் அப்போது கைகலப்பு மலிந்திருந்தது. அதில் மனம் வெறுத்த இளைஞர்கள் சிலர், அதே வேகத்தில் இழப்பையும் ஏக்கத்தையும் பாட முற்பட்டனர். 1985இல் டிஸ்கார்ட் நிறுவனம் வெளியிட்ட ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழுவின் ஆல்பம் இந்த மாற்றத்தின் தொடக்கம். அதன் முன்னணிப் பாடகர் கை பிச்சோட்டோ.

இரண்டாம் குரலுக்கு வழி திறந்ததும் அவரே. டிஸ்கார்டை நிறுவியவர்களில் ஒருவரான இயன் மெக்கை தொடங்கிய ஃபுகாசி குழுவில், பிச்சோட்டோ முதலில் கிட்டார் இல்லாமல் பின்பாட்டுக்காரராகச் சேர்ந்தார். பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவில் ஃபிளேவர் ஃபிளேவ் முதன்மைப் பாடகருக்கு எதிர்க்குரல் கொடுக்கும் பாணி அவரைக் கவர்ந்திருந்தது. நாளடைவில் மெக்கையும் பிச்சோட்டோவும் சரிநிகர் பாடகர்களாயினர்.

1990களில் எமோ, இலினாய் மாநிலத்தின் கல்லூரி ஊர்களுக்குப் பரவியது. ஷாம்பெய்னைச் சேர்ந்த பிரெய்ட் குழுவில் பாப் நானா மெட்டை இழுத்துப் பாட, கிறிஸ் ப்ரோச்சின் கத்தல் இடையில் வெட்டிப் பாயும். இக்குழு 1998இல் வெளியிட்ட 'பிரேம் அண்ட் கேன்வாஸ்' ஆல்பத்தை ஒலிப்பதிவு செய்தவர், வாஷிங்டனின் ஜாபாக்ஸ் குழுவைச் சேர்ந்த ஜே. ராபின்ஸ். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் பதிவுசெய்த அதே இன்னர் இயர் ஒலிப்பதிவு நிலையத்தில்தான் இதுவும் உருவானது.

இந்தப் பாணியைப் பெருந்திரளான ரசிகர்களிடம் கொண்டுசேர்த்தது, நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டின் டேக்கிங் பேக் சண்டே குழு. அதன் முதல் ஆல்பம் 'டெல் ஆல் யுவர் ஃபிரெண்ட்ஸ்' 2002 மார்ச்சில் வெளிவந்தது. ஆடம் லசாரா ஒரு வரியைப் பாடி முடிப்பதற்குள் ஜான் நோலன் வேறொரு வரியோடு குறுக்கிடுகிறார். பாட்டின் இறுதியில் இரண்டு வரிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. முதல்முறை கேட்பவருக்கு ஒரு குரல்தான் பிடிபடும். மற்றொன்றைப் பிடிக்க மறுபடியும் கேட்க வேண்டும். நண்பர்களின் மனத்தாங்கலையும் காதலர்களின் வாக்குவாதத்தையும் பாடுவதற்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எமோவில் இல்லை. ஒத்துப்பாடும் குரல் சொன்னதற்கு வலுவூட்டும். இங்கே இரண்டாம் குரல் மறுத்துப் பேசுகிறது.

கனடாவின் அலெக்சிசான்ஃபயர் இதை வேறு திசையில் வளர்த்தது. அதில் ஜார்ஜ் பெட்டிட் அலற, டல்லஸ் கிரீன் இனிமையாகப் பாடினார். அலறலும் மெட்டும் மாறிமாறி வரும் இந்த முறை அந்தப் பத்தாண்டின் பல குழுக்களுக்குப் பொதுவாயிற்று.

2003இல் நோலன் விலகியபோதும் டேக்கிங் பேக் சண்டே இரட்டைக் குரலைக் கைவிடவில்லை. அவர் இடத்தில் பாட ஃபிரெட் மஸ்கெரினோ வந்தார். 2010இல் நோலன் திரும்பினார். முதல் ஆல்பத்தின் பத்தாம் ஆண்டான 2012இல், அதைப் பதிவுசெய்த அதே இரு குரல்கள் அதன் பாடல்கள் அனைத்தையும் மேடையில் மீண்டும் பாடின.